பசுமையால் கெட்ட நிலம்

புஜ் நகரில் நான் தங்கிய விடுதிக்காரருக்கு என் பயணத் திட்டம் பிடிபடவில்லை. வெள்ளை ரண் பார்க்க வருகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் வருவார்கள். பௌர்ணமி வெளிச்சத்தில் உப்புப் பரப்பின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். விழாக் கூடாரங்களையெல்லாம் பிரித்து மூட்டை கட்டிய பிறகு, சித்திரை வெயிலில் ஒருவன் வந்து பன்னிக்குப் போக வண்டி கேட்டால் அவரும் என்னதான் நினைப்பார்? "அங்கே இப்போ என்ன இருக்கு? புல்லையெல்லாம் மாடு தின்னு தீர்த்துடுச்சு. மிச்சத்தைப் பாலைவனம் தின்னுட்டிருக்கு" என்றார்.

(பன்னி என்று படித்ததும் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். பம்பாயின் முதலெழுத்தை உச்சரிப்பதுபோல அழுத்திச் சொல்ல வேண்டும். கட்ச் மாவட்டத்தின் வடக்கே உள்ள புல்வெளியின் பெயர் அது.)

அவர் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. மழை குறைந்த மேய்ச்சல் நிலம் எங்கே இருந்தாலும் அதைப் பற்றிய பேச்சு இந்த இரண்டு வாக்கியங்களில்தான் தொடங்கும்: மாடு பெருத்துவிட்டது, பாலை முன்னேறுகிறது. கூடவே மருந்துச் சீட்டும் வரும்: மரம் நடுங்கள். நோயென்று சொன்னது, அதற்குக் கொடுத்த மருந்து, மருந்துக்குப் பின் நோயாளியின் நிலை ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க முடிகிற ஊர்கள் அதிகமில்லை. பன்னி அப்படிப்பட்ட இடம் என்று படித்திருந்தேன். அதனால்தான் வண்டி கேட்டேன்.

வடக்கே போகும் சாலை ருத்ரமாதா அணையைக் கடக்கிறது. சற்றுத் தள்ளிக் கடக ரேகை குறுக்கிடும் இடத்தில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். எல்லோரும் இறங்கிப் படமெடுக்கும் இடம், நானும் எடுத்தேன். அதற்கப்புறம் மேடு முடிந்து நிலம் தட்டையாகிறது. கட்ச் மேட்டு நிலத்துக்கும் பெரிய ரண்ணின் உப்புவெளிக்கும் நடுவே ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பு. மேட்டிலிருந்து வடக்கே இறங்கும் ஆறுகளும், ஒரு காலத்தில் சிந்து நதியின் கிழக்குக் கிளையும் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண் இது. சிந்து நீரின் வரத்து குறைந்துகொண்டே வந்த நிலையில் 1819 ஜூன் 16 அன்று பெரிய நிலநடுக்கம் வந்தது. வடமேற்கே தரை நீண்ட கரையாக எழும்பி நின்றது. இறைவன் கட்டிய அணை என்ற பொருளில் அதை 'அல்லா பந்த்' என்கிறார்கள். சிந்திரிக் கோட்டை நீரில் மூழ்கியது. சிந்துவோடு இந்தப் பக்கத்துக்கு இருந்த உறவு ஏறக்குறைய முடிந்துபோனது.

மீதி இருந்தவை மேட்டிலிருந்து இறங்கும் ஆறுகள். மழைக்காலத்தில் அவற்றின் வெள்ளம் பன்னியில் பரவி நிற்கும். மண்ணின் மேல் படிந்த உப்பைக் கழுவிக் கரைத்து ரண்ணுக்குள் தள்ளிவிடும். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த ஆறுகளிலும் வரிசையாக அணைகள் வந்தன. நான் கடந்து வந்த ருத்ரமாதாவும் அவற்றில் ஒன்று. வெள்ளம் குறைந்தால் உப்பு தங்கும். பன்னியில் உப்பு ஏறியதற்கு மாட்டின் வாயைக் குற்றம் சொல்கிறவர்கள் அணைகளின் பக்கம் திரும்புவதே இல்லை.

பாலைவனம் தின்கிற நிலத்தைத் தேடிப் போன எனக்குப் பிரண்டியாரா நெருங்கும்போது கண்ணில் பட்டதெல்லாம் பச்சைதான். சாலையின் இரு பக்கமும் ஆள் நுழைய முடியாத பச்சை. கொளுத்துகிற வெயிலில் ஒரு இலைகூட வாடவில்லை. இந்தப் பச்சையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசிக்க வேண்டிய அவசியம் ராமநாதபுரம் பக்கம் போய் வந்த எவருக்கும் இருக்காது. சீமைக்கருவேலம். இங்கே 'காண்டோ பாவல்' என்கிறார்கள், பைத்தியக் கருவேலம்.

கட்ச்சில் வண்டி ஓட்டும் இளைஞர்களுக்கு இந்த மரத்தின் கதை மனப்பாடம். என்னை அழைத்துப் போனவர் பன்னிக்காரர். கட்ச்சியும் இந்தியும் சரளமாகப் பேசுவார். அவர் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவர்போலச் சொன்னார். ரண்ணின் உப்பு தெற்கே நகர்ந்து புல்வெளியை விழுங்கிவிடும் என்று 1960களின் தொடக்கத்தில் அரசுக்குக் கவலை வந்தது. முன்னேறும் பாலைக்கு எதிரே பச்சைச் சுவர் எழுப்புவது என்று முடிவாயிற்று. வனத்துறை 30,000 ஹெக்டேருக்கு மேல் சீமைக்கருவேலத்தை விதைத்தது. உப்பு மண்ணில் வளரும், வறட்சியைத் தாங்கும், விறகுக்கும் ஆகும். காகிதத்தில் ஒரு குறையும் இல்லாத மரம்.

அதன் காய் இனிப்பு. மாடு விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் குடலைக் கடந்து, ஓடு இளகி, சாணத்தோடு விழும். அதாவது ஒவ்வொரு மாடும் எருவோடு சேர்த்து ஒரு மரத்தை நட்டுக்கொண்டே போனது. மரத்தின் இலையையோ எந்த மாடும் தொடாது. இன்று பன்னியின் பாதிக்கு மேல் இந்த மரம்தான். நிழல் விழுந்த இடத்தில் புல் இல்லை. வேர் ஆழத்து ஈரத்தையும் விடுவதில்லை. உப்பு உண்மையிலேயே நகர்ந்து வந்து விழுங்கியிருந்தால்கூட இவ்வளவு வேகமாக விழுங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

பிரண்டியாராவில் இறங்கி மாவா சாப்பிட்டோம். எருமைப் பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்வது, ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த பண்டம். பால் விற்க வழியில்லாத காலத்தில் பன்னிக்காரர்களுக்கு மாவாவும் நெய்யும்தான் காசு. அரை கிலோ வாங்கி, ஹோட்கா போய்ச் சேர்வதற்குள் நாங்கள் இருவரும் தீர்த்துவிட்டோம்.

ஹோட்கா பக்கத்தில் ஒரு 'வாண்ட்'டில், அதாவது சில குடும்பங்கள் சேர்ந்திருக்கும் சிறு குடியிருப்பில், டிரைவரின் உறவினர் வீட்டுக்குப் போனோம். 'புங்கா' என்னும் வட்டச் சுவர் வீடுகள். 2001 நிலநடுக்கத்தில் புஜ்ஜின் கான்கிரீட் கட்டடங்கள் சரிந்தபோது இந்த மண் வீடுகளில் பல அப்படியே நின்றன என்பதை அந்த வீட்டார் இரண்டு முறை சொன்னார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். வீட்டுப் பெரியவர் எழுபதைத் தாண்டியவர். மால்தாரிகள் என்று பொதுப்பெயரில் சொல்லப்படும் கால்நடைக்காரர்களில் ஹாலேபோத்ரா, முத்வா, ஜத், ரைசிபோத்ரா என்று பல குலங்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள், இவர்களோடு தோல் வேலையும் பூத்தையலும் செய்யும் மேக்வால் குடும்பங்களும் வாழ்கின்றன.

பெரியவர் எங்களை வீட்டுக்குப் பின்னால், கருவேலப் புதர் இல்லாத ஒரு திறந்த வெளிக்கு நடத்திச் சென்றார். ஒன்றுமே இல்லை. வெடித்த மண், சாம்பல் நிறத் தூசி, அங்கங்கே சாணம். படம் எடுத்து யாருக்காவது அனுப்பினால் பாலைவனமாதலுக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூலில் போட்டுவிடுவார்கள். அவர் குனிந்து கைத்தடியால் தரையைக் கீறினார். ஒரு விரல் ஆழத்தில் மஞ்சள் நிறத்தில் வேர்க்கற்றை. இன்னும் இரண்டு அடி தள்ளி இன்னொன்று. ஆறு ஏழு புற்களின் பெயரைக் கடகடவென்று சொன்னார். அவற்றில் 'தாமன்' என்பதன் காய்ந்த கதிர் ஒன்றை வேலி ஓரத்திலிருந்து பிடுங்கிக் காட்டியபோது எனக்குத் திருப்பூர் மாவட்டம் நினைவுக்கு வந்தது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள் வளரும் கொழுக்கட்டைப் புல் அதுவேதான்.

"தண்ணி நின்னு வடியணும். அப்புறம் பதினைஞ்சு நாள். இந்த இடத்துல உங்க முழங்கால் தெரியாது" என்றார். சித்திரையில் வந்து பன்னியைப் பார்த்துவிட்டுச் செத்த நிலம் என்று முடிவு கட்டுவது, அறுத்த வயலைப் பார்த்து இந்த ஊரில் நெல் விளையாது என்று எழுதி வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

பக்கத்தில் ஒரு பள்ளம். மழை நீர் தேங்கி வற்றும் ஏரிப்படுகை. அதற்குள் 'விர்தா' எனப்படும் ஆழமில்லாத கிணறுகள். இந்தப் பகுதியின் நிலத்தடி நீர் உப்பு. படுகையில் ஊறி இறங்கிய மழை நீர் எடை குறைவு என்பதால் உப்பு நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கும். அந்த அடுக்கை மட்டும் தொடும் அளவுக்குத் தோண்டி, உள்ளே மரக்கட்டைகளைச் சட்டமாக அடுக்கி, மண் சரியாமலிருக்கப் புல்லைத் திணித்துக் கிணறு எடுப்பார்கள். ஒன்றில் நீர் உப்புக் கரிக்கத் தொடங்கினால் அடுத்ததைத் திறப்பார்கள். இப்போது குழாய்த் தண்ணீர் வருகிறது, வராத நாட்களும் வருகின்றன. விர்தா எடுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று பெரியவர் வருத்தமாகச் சொல்ல, குடத்தோடு வந்த அவர் மருமகள் குழாயே பரவாயில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தண்ணீர் சுமக்கிறவர் அவர்.

திரும்பி வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்ததும், போகும்போதே எழுதி வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "சாச்சா, பன்னி எத்தனை எருமையைத் தாங்கும்?"

டிரைவர் கட்ச்சியில் மாற்றிச் சொன்னார். பெரியவர் சாசரில் ஊற்றிய தேநீரை உறிஞ்சி முடித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கேட்டார்: "எந்த வருஷத்துக்குக் கேக்கறாரு?"

மேய்ச்சல் அறிவியல் இந்தக் கேள்விக்கு வந்து சேர ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின. அமெரிக்கப் புல்வெளிகளை ஆராய்ந்த பிரெடரிக் கிளமென்ட்ஸ் 1916இல் ஒரு சட்டகம் கொடுத்தார். ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் தட்பவெப்பத்துக்கு ஏற்ற உச்ச நிலைத் தாவரக் கூட்டம் ஒன்று உண்டு. விட்டுவிட்டால் நிலம் படிப்படியாக அதை நோக்கி ஏறும். இதன்மேல் மேய்ச்சல் அதிகாரிகள் தங்கள் கணக்கைக் கட்டினார்கள். மேய்ச்சல் நிலத்தைக் கீழே தள்ளுகிறது. மாட்டைக் குறைத்தால் நிலம் மேலே ஏறும். எனவே ஒரு ஹெக்டேருக்கு இத்தனை மாடு என்று வரம்பு வைத்தால் போதும். மழை ஆண்டுதோறும் ஓரளவு ஒரே மாதிரி பெய்கிற இடத்தில் இந்தக் கணக்கு பலிக்கும். அதே கணக்கைக் காலனி அதிகாரிகள் ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள்.

கட்ச்சின் சராசரி மழை 350 மில்லிமீட்டரை ஒட்டியது. ஆனால் சராசரி மழை பெய்த ஆண்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளில் இரண்டு பொய்க்கும். ஓர் ஆண்டு ஒரே வாரத்தில் ஆண்டு முழுவதற்கானதும் கொட்டிவிடும். வட கென்யாவின் துர்கானா மக்களோடு வேலை செய்த எல்லிஸ், ஸ்விஃப்ட் இருவரும் 1988இல் எழுதிய கட்டுரை இப்படிப்பட்ட நிலங்களைப் பற்றியதுதான். புல்லின் அளவை அங்கே தீர்மானிப்பது மழை. மந்தை பெருகிப் புல்லை அழிக்கும் நிலைக்கு வருவதற்கு முன்பே அடுத்த பஞ்சம் வந்து மந்தையைப் பாதியாக்கிவிடும். மாடும் புல்லும் ஒன்றையொன்று சமநிலைக்குக் கொண்டுவரும் வாய்ப்பே அங்கே வருவதில்லை. 1993இல் பென்கே, ஸ்கூன்ஸ், கெர்வன் மூவரும் பதிப்பித்த கட்டுரைத் தொகுப்பு இதை ஒரு தனிச் சிந்தனைப் போக்காகவே நிறுத்தியது. இவ்வகை நிலத்தில் நிலையான 'தாங்குதிறன்' எண் ஒன்றைச் சொல்வது, நல்ல ஆண்டில் புல்லை வீணாக்கும், கெட்ட ஆண்டில் மாட்டைக் கொல்லும். தேவைப்படுவது கால் நகர வழி. புல் முளைத்த இடத்துக்கு மந்தை போக முடிய வேண்டும்.

பன்னிக்காரர்கள் பஞ்ச ஆண்டுகளில் சிந்து மாகாணத்துக்குப் போனவர்கள். பிரிவினை அந்த வழியை அடைத்தது. பிறகு தெற்கே, கட்ச் மேட்டுக்கும் அதைத் தாண்டிக் கரும்பு விளையும் பகுதிகளுக்கும் போனார்கள். நிலம் அப்படியே இருந்தது; நிலத்துக்குப் போகும் வழிகள்தான் ஒவ்வொன்றாக மூடின.

"பாலை முன்னேறுகிறது" என்ற இரண்டாவது வாக்கியத்துக்கும் ஒரு பூர்விகம் இருக்கிறது, அதில் இந்தியாவுக்கும் பங்குண்டு. இந்திய வனத்துறையில் வேலை பார்த்துவிட்டு எடின்பரோவில் வனவியல் பேராசிரியரான இ. பி. ஸ்டெப்பிங், 1930களில் மேற்கு ஆப்பிரிக்காவில் வறண்ட பருவத்தில் ஒரு சுற்று வந்தார். சகாரா தெற்கே படையெடுக்கிறது என்று 1935இல் எழுதினார். பயந்துபோன ஆங்கில, பிரெஞ்சு அரசுகள் கூட்டாக ஒரு வனக்குழுவை 1936-37இல் அனுப்பின. படையெடுப்புக்குச் சான்று ஏதும் இல்லை என்று அது திரும்பி வந்து சொன்னது. குழுவின் அறிக்கை அலமாரிக்குப் போனது. ஸ்டெப்பிங்கின் படிமம் பாடப்புத்தகத்துக்குப் போனது. 1975இல் ஹியூ லேம்ப்ரி சூடானில் பாலையின் விளிம்பு 17 ஆண்டுகளில் 90 முதல் 100 கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறது என்றார். அவர் ஒப்பிட்டது, முந்தைய ஒரு வரைபடக் கோட்டையும் கடும் பஞ்சத்துக்குப் பிந்தைய நிலத்தையும். 1977இல் நைரோபியில் ஐ.நா. உலக மாநாடே கூடிவிட்டது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே சூடானில் பின்னர் ஆராய்ந்தபோது அப்படி ஒரு நகர்வைக் காண முடியவில்லை. 1980களின் பஞ்சத்துக்குப் பின் மழை மீண்டபோது சஹேலின் பெரும்பகுதி பச்சையானதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. பஞ்சம் உண்மை, செத்த மாடுகளும் மனிதர்களும் உண்மை. ஊர்ந்து வரும் மணல் என்பதுதான் கட்டிக்கொண்ட கதை.

பன்னியில் நட்ட பச்சைச் சுவர் அந்தக் கதையின் பேரன்.

வெயில் தாழ்ந்ததும் எருமைகள் கிளம்பின. பன்னி எருமை பகலில் நிழலிலும் நீரிலும் கிடந்துவிட்டு இரவில்தான் மேயப் போகும். கூடவே ஆள் போவதில்லை. மூத்தது ஒன்று முன்னே நடக்க, சுருண்ட கொம்புகளை ஆட்டிக்கொண்டு மற்றவை வரிசையாகத் தொடர்ந்து புதர்களுக்குள் மறைந்தன. இருட்டில் எங்கே புல் இருக்கிறது, எந்தக் குளத்தில் நீர் மிச்சம் என்பதெல்லாம் அவற்றுக்கே தெரியும். விடியலில் தாமாகவே வந்து பால் கறக்க நிற்கும். ஒரு வேளைக்கு அல்ல, நாளுக்குப் பன்னிரண்டு லிட்டருக்கு மேல் கறப்பவை சாதாரணம் என்று அந்த வீட்டில் சொன்னார்கள். இந்த எருமையை 2010இல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள மையம் தனி இனமாகப் பதிவு செய்தது. பல்கலைக்கழகப் பண்ணை எதிலும் உருவாக்காத இனம். கால்நடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிடாவைத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. அதற்குச் சற்று முன்புதான் பன்னி கால்நடை வளர்ப்போர் சங்கமும் தோன்றியிருந்தது. புஜ்ஜில் இயங்கும் சகஜீவன் அமைப்பு துணை நின்றது. அதே காலத்தில் அமுலோடு இணைந்த சர்ஹத் பால் ஒன்றியத்தின் வண்டிகள் பன்னிக்குள் வரத் தொடங்கின. நெய்யாகவும் மாவாவாகவும் சுண்டிப்போய்க்கொண்டிருந்த பால் காசானது. இளைஞர்கள் சிலர் ஊருக்குத் திரும்பியதற்கு அதுதான் காரணம் என்றார் டிரைவர். இரண்டு எருமை அவருக்கும் இருக்கிறது.

அழிந்த புல்வெளி என்று எழுதப்பட்ட இடத்திலிருந்து காலையில் பால் லாரி நிரம்பிப் போவதைப் பார்ப்பது வேடிக்கையாக இருந்தது.

அதற்காக இங்கே எதுவுமே கெடவில்லை என்று எழுதினால் அது வேறொரு பொய். பெரியவரின் தந்தை வைத்திருந்தது எருமை மந்தை அல்ல, காங்கரேஜ் பசுக்கள். லிரா வடிவக் கொம்பும் வெள்ளிச் சாம்பல் நிறமும் கொண்ட அந்த மாடுகளுக்குச் சீமைக்கருவேலக் காய் ஒத்துக்கொள்ளவில்லை, தாடை இறுகி, செரிக்காமல் செத்தன என்று பன்னி முழுவதும் சொல்கிறார்கள். தாங்கி நின்றது எருமைதான். குடியிருப்புகளையும் நிரந்தரக் குளங்களையும் சுற்றி மண் உண்மையிலேயே மிதிபட்டுப் பொடியாகியிருக்கிறது. வறள்நில மேய்ச்சல் பற்றிய புதிய சிந்தனையைப் பிடித்துக்கொண்டு, மாட்டால் எந்தக் கெடுதலும் வராது என்று வாதிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மாடு நகர முடியாமல் ஒரே இடத்தில் நிற்க வைக்கப்பட்டால் கெடுதல் வரத்தான் செய்யும். புல்வெளிக்குள் சிலர் வேலி போட்டு ஆமணக்கும் பயறும் போட்டிருக்கிறார்கள். அவர்களில் வெளியாட்கள் மட்டும் இல்லை, மால்தாரிகளும் உண்டு. கட்ச் அரசர்கள் காலத்தில் பன்னி மேய்ச்சலுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. வரி கட்டி மாடு மேய்க்கலாம், உழக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தவர்களில் தம் உறவினர்களும் உண்டு என்பதைப் பெரியவர் மறைக்கவில்லை.

கரிக்காரர் ஒருவரையும் சந்தித்தேன். எருமை இல்லாத குடும்பம். பரமக்குடி, முதுகுளத்தூர் பக்கம் போகிறவர்கள் பார்க்கும் அதே கரிமூட்டம்: விறகை அடுக்கி, புல் போர்த்தி, மண் மெழுகி, புகையைக் கட்டுக்குள் வைத்து நாட்கணக்கில் வேகவிடுவது. 2004இல் குஜராத் அரசு கரி சுடத் தடையை நீக்கியபோது பன்னியிலிருந்து லாரி லாரியாக மூட்டைகள் போயின. மரம் குறைந்த இடங்களில் புல் எட்டிப் பார்த்தது என்று கால்நடைக்காரர்கள் சந்தோஷமாக நினைவுகூர்கிறார்கள். ஆனால் வெட்டுக்காரர்கள் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டினார்கள். சீமைக்கருவேலத்தையோ தூரோடு எடுக்காமல் மேலே மட்டும் வெட்டினார்கள். ஒன்று பத்தாகத் துளிர்த்தது. 2008இல் தடை திரும்பி வந்தது. மூட்டம் நின்றுபோகவில்லை. "வெட்ட வெட்ட வருது. மாடுன்னா பஞ்சத்துல சாகும், இது சாகாது" என்றார் கரிக்காரர். புல்வெளியை மீட்பது பற்றிப் பேசுகிற எந்தக் கூட்டத்திலும் இவர் உட்கார்ந்திருக்க மாட்டார் என்று தோன்றியது. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

சட்டத்தின் கண்ணில் பன்னி என்ன என்பது தனிக் குழப்பம். 1955இல் இதைப் பாதுகாக்கப்பட்ட காடு என்று அறிவித்தார்கள். ஆனால் நிலம் 1998 வரை வருவாய்த் துறையிடமே கிடந்தது. வனத்துறைக்கு வந்த பிறகு 2009இல் ஒரு செயல்திட்டம் போட்டு, பகுதி பகுதியாக வேலியடைத்துப் புல் வளர்க்கப் போவதாகச் சொன்னார்கள். மேய்ச்சல் நிலத்தை மேய்ச்சலிலிருந்து காப்பாற்றும் திட்டம்! பன்னிக்காரர்கள் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி ஊர் ஊராகச் சமூக உரிமை கோரினார்கள். 2018இல் சங்கம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஆக்கிரமிப்புகளையெல்லாம் அகற்றச் சொன்ன தீர்ப்பாயத்தின் 2021 மே மாத உத்தரவு, காட்டைப் பேணும் உரிமை மால்தாரிகளுக்குத் தொடரும் என்றும் சொன்னது. அப்புறம் 2023 டிசம்பரில் சிவிங்கிப்புலி இனப்பெருக்க மையத்துக்குப் பன்னியைத் தேர்ந்தெடுத்த செய்தி வந்தது. அதற்கும் வேலி உண்டு.

இதற்கெல்லாம் அடியில் ஒரு வரையறை உட்கார்ந்திருக்கிறது. இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் மர விதானம் இருந்தால் அதைக் காட்டுப்பரப்பு என்று கணக்கில் ஏற்றும், என்ன மரம் என்று பார்ப்பதில்லை. ஆக, பைத்தியக் கருவேலம் மண்டிய பன்னி நாட்டின் காட்டுப்பரப்பைக் கூட்டும். அதை எடுத்துவிட்டுத் தாமன் புல் முழங்கால் உயரம் நின்றால் காட்டுப்பரப்பு குறையும். மரம் இல்லாத, உழாத நிலத்துக்கு வெள்ளைக்காரன் காலத்து வருவாய்க் கணக்கில் கிடைத்த பெயர் 'தரிசு'. வரி வராத நிலம் பயனில்லாத நிலம். 1985இல் நாம் அமைத்த தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியமும் அதே பெயரைத்தான் எடுத்துக்கொண்டது. 2019 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த பாலைவனமாதல் தடுப்பு மாநாட்டில் இந்தியா கொடுத்த கணக்கின்படி, 2005இலிருந்து 2015க்குள் நாட்டின் புல்வெளி 1.8 கோடி ஹெக்டேரிலிருந்து 1.23 கோடியாகச் சுருங்கியது. பத்து ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. இவ்வளவையும் மாடு தின்றிருக்க முடியாது. வயலாக, தோட்டமாக, ஆலையாக, மரக்காடாக மாறிய நிலம் அது. நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்குகளில் என்னென்ன கட்டடங்கள் நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

ஹோட்காவில் 'ராம்பிள்' என்ற ஆய்வு நிலையம் இருக்கிறது. சகஜீவனும் சில ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து நடத்துவது. அதன் பக்கமாக, கருவேலத்தை வேரோடு பிடுங்கிய ஒரு திடலுக்குக் கடைசியாகப் போனோம். ஜேசிபி கொண்டு தோண்டி எடுத்திருக்கிறார்கள். எடுத்ததோடு வேலை முடிவதில்லை. விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். முளையிலேயே களைய வேண்டும். எருமைகள் வேறு புதிதாக விதைத்துக்கொண்டே போகும். ஆனால் சென்ற மழையின் புல் தட்டைகள் அங்கே கணுக்கால் உயரத்துக்கு இன்னும் நின்றன. பத்தடி தள்ளி, புதர் இருக்கும் பக்கத்தில், வெறும் மண்.

கூட வந்திருந்த பெரியவர் உட்கார்ந்து தட்டையை ஒடித்துப் பார்த்தார். "மொத்தத்தையும் எடுக்கட்டும். வேலி மட்டும் வேண்டாம்" என்றார்.

டிரைவருக்கு அது சரிப்படவில்லை. "மொத்தமும் எடுத்துட்டா கரிக்காரன் எங்கே போவான்? அடுப்புக்கு விறகு எங்கேயிருந்து வரும்?"

"எடுக்கறதுக்கே இருபது வருஷம் ஆகும். அந்த வேலையை அவனுக்கே கொடுங்கன்னுதானே சொல்றேன். வேரைப் பிடுங்கறதுக்கும் முளையைக் களையறதுக்கும் அவனுக்குக் கூலி."

"கூலியை யார் கொடுப்பா?"

பெரியவர் கைத்தடியை என் பக்கம் நீட்டினார். "இவரைக் கேக்கச் சொல்லு. இவருதானே ஊருக்குப் போய் எழுதப் போறாரு."